அசைந்த நிலமும் அசையா அறமும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என் இல்லத்திற்கு வந்து, "ஐயா, சென்ற ஆண்டு சிந்தாமணி பற்றிப் பேசினீர்கள். இந்த ஆண்டு இலக்கியம் வேண்டாம். உங்கள் யாத்திரை அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனிடம் இலக்கியம் வேண்டாம் என்பது, நெசவாளியிடம் நூலைத் தவிர்த்து வேறு ஏதேனும் பேசுங்கள் என்பது போன்றது. ஆயினும் அன்பர்களின் விருப்பத்திற்கு இணங்கி, இலக்கியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத் மண்ணில் நான் கண்டதையும், அது எனக்குள் எழுப்பிய சில எண்ணங்களையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நிலம் என்னும் சொல்லை வகுப்பில் விளக்கும்போது, 'நில்' என்னும் வினையோடு சேர்த்துக் காட்டுவது என் வழக்கம். நீர் ஓடும், காற்று வீசும், தீ எரியும், நிலம் நிற்கும். பொறுமைக்கு உவமை தேடிய நம் முன்னோரும் நிலத்தையே காட்டினர். வண்டல் வயல்களுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் நடுவே, நடுநாட்டிலும் தொண்டை நாட்டிலும் பிறந்து வளர்ந்த நமக்குக் காலடி மண்ணைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டிய தேவை ஏற்பட்டதே இல்லை. புயல் தெரியும், ஏரி உடைவது தெரியும், வறட்சி நன்றாகவே தெரியும். நிலம் நடுங்கும் என்பது நமக்குப் புவியியல் பாடநூலில் ஒரு பக்கம், அவ்வளவே.

அந்த ஆண்டு பொங்கல் முடிந்ததும், வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்தைச் சேர்ந்த நாங்கள் முப்பத்து நான்கு பேர் குஜராத் யாத்திரை புறப்பட்டோம். எனக்கு அப்போது நாற்பது வயதைச் சற்றே கடந்த பருவம். பள்ளியில் ஈட்டிய விடுப்பு எடுத்துக்கொண்டு சென்றேன். குழுவில் எழுபது வயதைக் கடந்தவர்கள் ஐவர்; பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் மூவர். அரிசி, பருப்பு, புளி, அப்பளம் முதலியவற்றையும் ஒரு சமையற்காரரையும் உடன் அழைத்துச் செல்லும் நம்மவர் வழக்கப்படியே எங்கள் பயணமும் அமைந்தது.

நேமிநாத பகவான் வீடுபேறு எய்திய ஊர்ஜயந்தகிரியை, இன்று கிர்நார் என வழங்கும் அந்த மலையை, விடியலுக்கு முன் ஏறத் தொடங்கினோம். ஏறத்தாழ பத்தாயிரம் படிகள். பெரியவர்கள் டோலியில் வந்தனர். அதன்பின் பாலிதானா சென்று சத்ருஞ்ஜய மலையைத் தரிசித்தோம். ஜனவரி 25 இரவு அகமதாபாத் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை தாரங்கா செல்வதாக ஏற்பாடு. அன்றிரவு பழைய நகரத்தின் 'போள்' ஒன்றில் இருந்த சத்திரத்தில் தங்கினோம்.

போள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரே வாயில் கொண்ட குறுகலான சந்து. இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் மூன்றடுக்கு வீடுகள். வீட்டின் நடுவே திறந்த முற்றம். முகப்பில் சிற்ப வேலைப்பாடு நிறைந்த மரத்தூண்கள். சந்தின் நடுவே பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே ஒரு கம்பத்தின் மேல் சிறு மாடம் கட்டியிருப்பார்கள். 'சபூத்ரோ' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் நடந்த உத்தராயணப் பட்டத் திருவிழாவின் கிழிந்த பட்டங்கள் மின்கம்பிகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் குடியரசு நாள். பூசையை முடித்துவிட்டுப் பெரும்பாலோர் முற்றத்தில் காலை உணவுக்கு அமர்ந்திருந்தோம். மாடியில் சிலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தனர். எதிர் வீட்டில் தில்லி அணிவகுப்பைக் காண்பதற்காகத் தொலைக்காட்சியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார்கள். கொடியேற்றத்திற்குச் செல்லும் சிறுவர்கள் வெள்ளைச் சட்டையில் சந்து வழியே ஓடினார்கள். மணி எட்டு நாற்பத்தாறு.

முதலில் எழுந்தது ஓசை. கனமான லாரி ஒன்று தெருவுக்குள் வருவது போன்ற உறுமல். லாரி நுழைய முடியாத சந்து அது என்பது மனத்தில் படுவதற்குள், மாடத்தில் அடுக்கியிருந்த பித்தளைக் குவளைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. சபூத்ரோவில் இருந்த புறாக்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து பறந்தன. அந்தச் சிறு அதிர்வு சில நொடிகள் நீடித்தது. அவ்வளவுதான் என்று எண்ணிய வேளையில் உண்மையான அசைவு வந்தது. நிலம் மேலும் கீழும் குலுங்கவில்லை, பக்கவாட்டில் ஆடியது. படகில் நிற்பது போல் இருந்தது என்று சொன்னால் ஓரளவே பொருந்தும். படகு ஆடினால் கரை நிற்கும். அங்கே கரை என்று ஒன்று இல்லை. அண்டாவில் இருந்த நீர் ஒரு பக்கம் வழிந்து, மறு பக்கம் வழிந்தது. தூண்கள் முனகின. மேலே பார்த்தால், முற்றத்தின் சதுர வானம் தன் ஓரங்களில் மெல்ல இழுபடுவது போலத் தோன்றியது. மின்கம்பிகள் பட்டங்களோடு சாட்டை போல் வீசின.

"பூகம்ப்! பூகம்ப்!" என்று எதிர் வீட்டுப் பெரியவர் கூவிய பிறகே, நடப்பது இன்னதென்று எங்களுக்குப் பெயர் தெரிந்தது. வாழ்நாளில் காணாத ஒன்றை அறிவு உடனே அடையாளம் கண்டுகொள்வதில்லை. குழுவில் ஒருவர் தமக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் யாரோ தூணை ஆட்டுகிறார்கள் என்று அதட்டினார். மாடியில் இருந்தவர்கள் படிக்கட்டை நோக்கி வந்தார்கள். அப்போது எங்கள் குழுவில் வயதில் மூத்த அம்மையார், உணவு இலையின் முன் அமர்ந்தபடியே, பஞ்ச மந்திரத்தை உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். குரலில் நடுக்கம் இல்லை. படிக்கட்டில் முண்டியடிக்க இருந்தவர்கள் அந்தக் குரல் கேட்டு நின்றார்கள். குழந்தைகள் அவரைச் சுற்றிக் குவிந்தார்கள். நாங்களும் முற்றத்தின் நடுவே நெருங்கி நின்று அவரோடு சேர்ந்து சொன்னோம்.

அந்த ஆட்டம் ஒரு நிமிடத்திற்கும் மேல் நீடித்தது. நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை அன்று அறிந்தேன். நின்றபின் யாரும் பேசவில்லை. ஓடுகள் சில விழுந்திருந்தன. சுவர்ப்பூச்சு பெயர்ந்து இலைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்களுள் எவருக்கும் காயம் இல்லை. வீடு நின்றது.

அந்த அம்மையாரின் மந்திரமே எங்களைக் காத்தது என்று ஊருக்குத் திரும்பிய பின் பலர் சொன்னார்கள். அவரிடமே கேட்டேன். "தம்பி, மந்திரம் நம்மைத் தாங்கிற்று. வீட்டைத் தாங்கியது அந்த வீட்டைக் கட்டினவன் செய்த வேலை" என்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கல்வி உடையவர். இந்த உரையில் நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்த இரண்டு வரிகளுள் அடங்கியிருக்கிறது.

அன்று பகல் முழுவதும் மக்கள் வீட்டுக்குள் செல்லவில்லை. தொலைபேசிகள் செயலிழந்தன. போளுக்கு வெளியே இருந்த திறந்த வெளியில் பாயும் கட்டிலும் கொண்டுவந்து போட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அமர்ந்திருந்தன. இடையிடையே நிலம் மீண்டும் சிலிர்க்கும்; கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். மாலை நெருங்கியது. பொழுது சாய்ந்தால் உண்ணா நோன்புடைய குடும்பங்கள் அங்கும் பல. குழந்தைகள் காலையிலிருந்து சரியாக உண்ணவில்லை. அடுப்பு மூட்ட வீட்டுக்குள் செல்ல எவருக்கும் துணிவில்லை. எங்கள் சமையற்காரர் திறந்த வெளியில் செங்கல் கூட்டி, எங்களிடம் இருந்த அரிசியையும் பயற்றம் பருப்பையும் கொண்டு வெண்பொங்கல் வைத்தார். பொழுது சாய்வதற்குள் எழுபது எண்பது குழந்தைகள் உண்டார்கள். அவர்கள் நாட்டுக் கிச்சடியை ஒத்திருந்ததால் ஒரு குழந்தையும் மறுக்கவில்லை. மொழி தெரியாத அந்தத் தாய்மார்கள் எங்கள் பெண்களின் கைகளைப் பற்றிக்கொண்டது இன்றும் என் கண்முன் நிற்கிறது. அன்றிரவு அந்தக் குளிரில், அந்நகரத்தார் கொண்டுவந்து கொடுத்த கம்பளிகளில் நாங்கள் உறங்கினோம்.

இரவில்தான் வானொலி வழியே முழுச் செய்தியும் வந்தது. எங்களை அப்படி உலுக்கிய நடுக்கத்தின் மையம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், கட்சுப் பகுதியில் பச்சாவுக்கு அருகே இருந்தது. அதன் அளவு 7.7 என்று பின்னர்க் கணக்கிட்டார்கள். பூஜ், அஞ்சார், பச்சாவு, ராப்பர் ஆகிய ஊர்கள் நிலைகுலைந்தன. கட்சுப் பகுதியைச் சௌராட்டிரத்தோடு இணைக்கும் சூரஜ்பாரி பாலமும் சேதமுற்றது. மாண்டவர்கள் 13,800க்கும் மேல். காயமுற்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். நம் சமயத்தவர் போற்றும் பத்ரேசுவரப் பழங்கோயிலும் பெருஞ்சேதமுற்றுப் பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டது. அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலமாகக் குறுகிய தெருவில் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள் 185 பேரும் ஆசிரியர்கள் 20 பேரும் இருபுறத்து வீடுகளும் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார்கள். அவர்களுக்கென அங்கே ஒரு நினைவிடம் 2022இல் திறக்கப்பட்டது. நானும் ஆசிரியன். எத்தனையோ குடியரசு நாள்களில் வெள்ளைச் சட்டை அணிந்த குழந்தைகளை வரிசையாக நிறுத்தித் தெருவழியே அழைத்துச் சென்றவன். அந்த எண்ணிக்கையை என்னால் எண்ணிக்கையாக மட்டும் படிக்க இயலவில்லை.

ரயிலுக்காகக் காத்திருந்த இரண்டு நாள்களில், ஆற்றுக்கு மேற்கே இருந்த புதிய நகரப் பகுதிக்குச் சென்றோம். சத்திரத்தாருக்கு உறவினரான, ஓய்வுபெற்ற கட்டிடப் பொறியாளர் ஒருவர் எங்களுடன் வந்தார். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தைக் கண்டோம். பார்வைக்கு மூன்று அடுக்கு. "இது நான்கடுக்குக் கட்டிடம்" என்றார் அவர். கீழ்த்தளம் கார் நிறுத்துவதற்காகத் தூண்கள் மட்டும் கொண்டதாக இருந்தது. தூண்கள் மடங்கி, மேலிருந்த மூன்று தளங்களும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தன. அதே உயரமுள்ள அடுத்த கட்டிடம் விரிசலோடு நின்றது. அந்நகரில் மட்டும் 70க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டிடங்கள் சரிந்தன. 700க்கும் மேற்பட்டோர் அவற்றில் மாண்டனர். நூறாண்டு கண்ட எங்கள் சத்திரமோ சில ஓடுகளை மட்டும் இழந்து நின்றது.

ஏன் இந்த வேறுபாடு? அந்தப் பொறியாளர் எளிய இந்தியில் விளக்கினார். பழைய வீட்டின் செங்கற் சுவருக்குள் மரச்சட்டங்கள் கிடைமட்டமாக ஓடுகின்றன. சுவர் ஆடும்போது மரம் வளைந்து கொடுத்து, செங்கல் சிதறாமல் கட்டி வைக்கிறது. புதிய கட்டிடத்திலோ மேல்தளங்களில் சுவர்கள் நிறைந்து கனமாக உள்ளன, கீழே வெறுந்தூண்கள். தலையில் நெல்மூட்டை சுமப்பவன் மெலிந்த காலில் நிற்பது போன்ற நிலை. போதாக்குறைக்கு மொட்டை மாடியில் பெரிய நீர்த்தொட்டி. ஆற்றங்கரை வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியும் விட்டது.

பிறகு அவர் குனிந்து, உடைந்த தூண் ஒன்றைக் காட்டினார். நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை நம் ஊர்க் கம்பி வேலையாட்கள் 'ரிங்' என்பார்கள். அந்த வளையங்கள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்தன. வளையத்தின் முனையைத் தூணின் உட்புறம் நோக்கி 135 பாகை மடக்க வேண்டும் என்பது விதி. அங்கே 90 பாகையோடு விட்டிருந்தார்கள். ஆட்டத்தில் வளையங்கள் அவிழ்ந்துவிட்டன. உள்ளிருந்த கான்கிரீட் உதிர்ந்துவிட்டது. "இந்த முனையை இன்னும் கொஞ்சம் மடக்க ஒரு வேலையாளுக்கு ஒரு நொடி ஆகும்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியபின் என்னைச் சந்தித்தவர்களுள் சிலர், "எல்லாம் செய்த பாவத்தின் தண்டனை" என்றார்கள். இந்த எண்ணம் புதிதன்று. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரை ஒரு பெரும் நிலநடுக்கம் அழித்தபோது, அது தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனை என்று காந்தியடிகள் எழுதினார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த இரவீந்திரநாத் தாகூர், இயற்கை நிகழ்ச்சியை அறநெறியோடு இவ்வாறு முடிச்சுப் போடுவது அறிவுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக மறுத்தார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் இதழிலேயே வெளியிட்டார். கருத்து வேறுபாட்டைக் கண்ணியமாக நடத்திய இருவரையும் வணங்குவோம்.

நம் அறநெறி இதில் எங்கே நிற்கிறது? உலகைப் படைத்துத் தண்டிக்கும் ஒருவனை நாம் ஏற்பதில்லை. பொருள்கள் தத்தம் இயல்பின்படி இயங்குகின்றன என்பதே நம் கொள்கை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை நெருக்குகிறது. பாறைகளில் பல்லாண்டு தேங்கிய இறுக்கம் ஒரு நாள் பிளவு வழியே விடுபடுகிறது. அதில் சினமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. வினைக்கோட்பாட்டை நாம் நம்புகிறோம். ஆனால் அது அவரவர் தம் செயலைத் திருத்திக்கொள்வதற்காக நமக்குத் தரப்பட்ட விளக்கு. அதை எடுத்துச் சென்று, கொடி பிடித்துச் சென்ற குழந்தையின் முகத்தில் வெளிச்சம் அடித்து, 'நீ என்ன வினை செய்தாய்' என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிலம் நடுங்கியதால் மாண்டவர் மிகச் சிலரே. கட்டிடம் விழுந்ததால் மாண்டவர்தாம் மிகப் பலர். நிலநடுக்கம் இயற்கையின் செயல். கட்டிடம் மனிதனின் செயல்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டும்; இலக்கியம் வேண்டாம் என்றார்களே தவிர, இலக்கணம் வேண்டாம் எனவில்லை. 'பிரமாதம்' என்று ஒரு சொல். நல்ல விருந்தானாலும் நல்ல கச்சேரியானாலும் "பிரமாதம்!" என்கிறோம். வடமொழியில் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை, கவனக்குறைவு. நம் அற நூல்கள் கொலைக்கு இலக்கணம் கூறும்போது இந்தப் பிரமாதத்தையே மூலமாக வைத்தன. வெறுப்பினால் மட்டும் கொலை நிகழ்வதில்லை. விழிப்பற்ற நடையினாலும் நிகழ்கிறது. ஆகவேதான் துறவியர் நுகத்தடி அளவு நிலத்தைப் பார்த்து நடக்கிறார்கள். மயிற்பீலியால் தரையை வருடி அமர்கிறார்கள். நாமும் நீரை வடிகட்டுகிறோம். கீரையை உதறிப் பார்க்கிறோம். விளக்கில் விட்டில் விழாமல் மூடுகிறோம். எறும்புக்கு இத்தனை விழிப்போடு இருக்கும் நாம், மேஸ்திரியிடம் "கம்பியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே" என்று சொல்லும்போது அந்த விழிப்பை எங்கே வைத்துவிடுகிறோம்? "வீட்டைப் பிரமாதமாகக் கட்டியிருக்கிறார்" என்று ஊரார் சொல்லும் பாராட்டு, அதன் வடமொழிப் பொருளிலும் உண்மையாகிவிடக் கூடாது.

கட்சு மக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1819ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று அதே மண்ணில் ஒரு பெரும் நடுக்கம். சமவெளியில் பல கல் தொலைவுக்கு ஒரு மேட்டையே அது எழுப்பிவிட்டது. மனிதர் கட்டாத கரை என்பதால் 'அல்லா பந்த்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 1956இல் அஞ்சார் மீண்டும் அதிர்ந்தது. அந்நாட்டின் பன்னிப் புல்வெளிப் பகுதியில் 'பூங்கா' என்று வட்ட வடிவ மண்குடிசைகள் உண்டு. நம் பூந்தோட்டத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. தடித்த வட்டச் சுவர், மேலே கூம்பான இலேசான கூரை. மூலை இல்லாததால் பிளக்க இடமில்லை. கூரை கனமற்றதால் விழுந்தாலும் உயிர் போகாது. 2001இல் கான்கிரீட் மாளிகைகள் வீழ்ந்தபோது அவற்றுள் பல நின்றன. எழுத்தறியாத மக்கள் பட்டறிந்து கண்ட பொறியியல் அது. புதிதாக எழுந்த பூஜ் நகரில் தெருக்களை அகலப்படுத்தினார்கள். வீடுகளில் கதவு, சன்னல்களுக்கு மேலே சுற்றிலும் அறுபடாத கான்கிரீட் பட்டை ஓடுமாறு கட்டினார்கள். ஒட்டியாணம் இடையைப் பற்றுவது போல் அந்தப் பட்டை நான்கு சுவர்களையும் பற்றிக்கொள்கிறது. போள் வீட்டின் மரச்சட்டம் செய்த வேலையும் இதுவே.

"அதெல்லாம் வடக்கே, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் 6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டிருக்கிறது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டிய மாநிலம் இலாத்தூரில், அசையாத பகுதி என்று எண்ணியிருந்த தக்காண மண்ணில், கனமான கற்சுவர் வீடுகள் சரிந்து பத்தாயிரம் பேர் வரை மாண்டனர். நாங்கள் குஜராத்திலிருந்து திரும்பிய அதே 2001இல், செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நடுக்கம் தோன்றிற்று. உங்களுள் பலருக்கு அந்த இரவு நினைவிருக்கும். மறு ஆண்டு திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தப்பட்டது. அஞ்ச வேண்டியதில்லை, அசட்டையாக இருக்கவும் வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் நம்மவர் சம்மேத சிகரத்திற்கும் பாவாபுரிக்கும் சம்பாபுரிக்கும் செல்கிறார்கள். 1934இல் பாழான முங்கேர் நகரம் சம்பாபுரிக்கு அருகில்தான் இருக்கிறது. ஆகவே யாத்திரை செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள். தங்குமிடத்தில் மூட்டையை இறக்கியதும், வெளியேறும் வழியையும் அருகிலுள்ள திறந்த வெளியையும் பார்த்து வையுங்கள். படுக்கைக்கு அருகே கைவிளக்கும் காலணியும் இருக்கட்டும். கண்ணாடி உடைந்த தரையில் வெறுங்காலோடு ஓட முடியாது. குழுவில் உள்ளோர் பெயர், மருந்து, உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி இருவரிடம் கொடுத்து வையுங்கள். கைப்பேசி அந்நேரத்தில் பயன்படாமல் போகலாம். நிலம் ஆடும்போது ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் குனிந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். அலமாரி, கண்ணாடி ஆகியவற்றை விட்டு விலகுங்கள். படிக்கட்டும் மின்தூக்கியும் அப்போது வழியல்ல. வெளியே இருந்தால் சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகி நில்லுங்கள். ஆட்டம் நின்றபின் எரிவாயுவை மூடிவிட்டு வரிசையாக வெளியேறுங்கள். பின்னதிர்வு வரும் என்பதை மறவாதீர்கள். நிலைகொள்ள மந்திரம் சொல்லுங்கள். அது உங்களுக்கும் உங்கள் அருகில் உள்ளவருக்கும் துணையாகும்.

நிறைவாக, நம் அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். யாத்திரை வருவோர் தங்கும் விடுதிக்கு மேல்மாடி எழுப்ப எண்ணியிருப்பதாகவும், அதற்காக நன்கொடை திரட்டுவதாகவும் அறிந்து மகிழ்ந்தேன். பழைய அடித்தளமும் சுவர்களும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று தகுதி வாய்ந்த கட்டமைப்புப் பொறியாளரிடம் ஆய்வு செய்து, எழுத்து வடிவில் சான்று பெற்ற பின்னரே ஒரு செங்கல்லையும் வைக்க வேண்டுகிறேன். கீழ்த்தளத்தை வாகனங்களுக்காக வெறுந்தூண்களாக விடுவதாயின், அத்தூண்களின் வலிமைக்கு முதலிடம் கொடுங்கள். தளம் போடும் நாளில் நம்முள் ஒருவர் அங்கே நின்று வளையங்களையும் அவற்றின் முனைகளையும் எண்ணிப் பார்க்கட்டும். பளிங்குத் தரைக்கும் முகப்புக்கும் நன்கொடை தருவோர் பலர் உண்டு. அவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படும். பூச்சுக்குள் மறைந்து போகும் கம்பிக்கும் வளையத்திற்கும் யார் தருவது? அதை என் ஓய்வூதியத்திலிருந்து நான் தொடங்கி வைக்கிறேன். பெயர் பொறிக்க வேண்டாம். ஆய்வுக் கட்டணத்திற்கென ஒரு தொகையை இன்று தலைவரிடம் ஒப்படைக்கிறேன். இயன்றவர்கள் இதில் சேர வேண்டும்.

அந்த விடுதியில் நாளை தங்கப் போகிறவர்களை நாம் அறியோம். தொலைதூரத்திலிருந்து, நம் மொழி தெரியாமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, கூரையை நம்பி வந்து உறங்குவார்கள். அவர்கள் உறங்கும்போது நாம் விழித்திருக்க முடியாது. கட்டும்போது விழித்திருக்க முடியும். கொல்லாமை என்னும் பேரறம் அந்தக் கூரையையும் தாங்கட்டும்.

 எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.